போர்க்கைதியின் கூற்று: வூன்ஸ்டோர்ஃப் முகாம் ஒலித்தட்டுகளை முன்வைத்து

1916 டிசம்பர் 11ஆம் நாள், பெர்லின் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வூன்ஸ்டோர்ஃப் என்னும் ஊரில், மால் சிங் என்ற பஞ்சாபியப் போர்க்கைதி ஒலிப்பதிவுக் கூம்பின் முன் நிறுத்தப்பட்டார். அவர் பேசியது ஒன்றரை நிமிடத்திற்கும் குறைவே. ஒரு மனிதன் இருந்தான். இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டான், பால் குடித்தான். ஐரோப்பியப் போருக்கு வந்தான். ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் ஊர் திரும்ப விரும்புகிறான். திரும்பினால் அந்த உணவு மீண்டும் கிடைக்கும். இன்னும் இரண்டாண்டுகள் இங்கேயே இருக்க நேர்ந்தால் இறந்துவிடுவான். இறைவன் அருளால் அமைதி ஏற்பட்டால் இங்கிருந்து போய்விடுவான். அப்பேச்சின் சாரம் இவ்வளவே. பேசியவர் தம்மை ஓரிடத்தும் 'நான்' என்று சுட்டவில்லை.

இவ்வொலித்தட்டு இன்று பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலியாவணக் காப்பகத்தில் உள்ளது. அங்கு அது சேர்க்கப்பட்டது ஒரு மனிதரின் வாக்குமூலமாகவன்று, பஞ்சாபி மொழிக்குரிய சான்றாகவே. அண்மைக்காலத்தில் இத்தகைய தட்டுகளைக் கேட்போர் நேர்மாறான திசையில் சென்று, நூறாண்டுக்கு முந்தைய மனிதரின் 'மறைக்கப்பட்ட குரலை' அப்படியே கேட்டுவிட்டதாக எழுதுகின்றனர். இவ்விரு வாசிப்புகளும் ஆவணத்தின் இயல்பைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து. போர்க்கைதி ஆவணங்களைப் பேணுவதும் ஆய்வதும் வரலாற்றுத் துறையின் பணி என்று இலக்கிய ஆய்வாளர் ஒதுங்கிவிடுவது வழக்கம். எனினும் இவ்வாவணங்கள் முன்வைக்கும் முதன்மையான சிக்கல், யார், யாருக்கு, எங்கிருந்து, எதைச் சொல்லாமல் விட்டுச் சொன்னார் என்பதே. இது இலக்கியத் திறனாய்வின் சிக்கலாகும். பஞ்சாபி அறியாத நான் மொழிபெயர்ப்புகளின் வழியே இத்தட்டை அணுகுகிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிட வேண்டும்.

முகாமும் ஆணையமும்

முதல் உலகப்போரில் 1914ஆம் ஆண்டு இலையுதிர்காலம் முதல் பிரான்சு, பெல்ஜியப் போர்முனைகளில் இந்தியப் படையினர் போரிட்டனர். அவர்களுள் ஜெர்மானியரிடம் சிக்கியோர் பலர் வூன்ஸ்டோர்ஃபிலிருந்த 'பிறைமுகாமில்' வைக்கப்பட்டனர். பிரெஞ்சு, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் இசுலாமியக் கைதிகளைத் தம் ஆட்சியாளருக்கு எதிராகத் திருப்புவதே இம்முகாமின் நோக்கம். அதற்காக 1915இல் அங்கு மரத்தாலான மசூதி ஒன்று எழுப்பப்பட்டது. சீக்கியர், கூர்க்காக்கள், பிற இந்துக்கள் ஆகியோரும் அங்கிருந்தனர். பெர்லினில் இயங்கிய இந்தியப் புரட்சியாளர் குழுவினர் இக்கைதிகளிடையே பரப்புரை செய்தனர். இந்தியிலும் உருதுவிலும் 'இந்தோஸ்தான்' என்ற முகாம் இதழ் வெளிவந்தது.

அரசியலார் கைதிகளைப் படைவீரராக மாற்ற எண்ணினர் எனில், அறிஞர்கள் அவர்களைத் தரவாகக் கண்டனர். 1915இல் உளவியலறிஞர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் அரச பிரஷ்ய ஒலிப்பதிவு ஆணையம் அமைக்கப்பட்டது. மொழியாசிரியரான வில்ஹெல்ம் டேகன் அதன் செயல்முனைப்பாக விளங்கினார். ஏறத்தாழ முப்பது அறிஞர்கள் பல முகாம்களுக்குச் சென்று, போர் முடியும் வரை 1650 ஒலித்தட்டுகளையும் 1022 மெழுகுருளைகளையும் பதிவு செய்தனர். பேச்சு தட்டுகளிலும் இசை பெரும்பாலும் உருளைகளிலும் அடங்கின. உலகைச் சுற்றிவந்தும் திரட்ட இயலாத மொழிகள் அனைத்தையும் போர் தங்கள் வாயிலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்ற களிப்பு இம்முயற்சியின் அடியில் இருந்தது.

இந்திய மொழிப் பதிவுகளில் ஈடுபட்டவருள் ஹைன்ரிச் லூடர்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1912இல் பிராமிக் கல்வெட்டுகளின் பட்டியலை வெளியிட்ட அதே லூடர்ஸ்தான். நம் கல்வெட்டு ஆய்வாளர்கள் அவர் தந்த எண்களை நாள்தோறும் எடுத்தாள்கின்றனர். கல்லில் எழுதப்பட்டதைப் படித்த அவர், கம்பிவேலிக்குள் நின்றவர்களின் பேச்சையும் கேட்டார் என்பது நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை. டேகன் 1925இல் பதிப்பித்த முகாம் மக்கள் பற்றிய தொகுப்பு நூலில் கூர்க்காக்களைப் பற்றி எழுதியவர் லூடர்ஸே.

மூன்று அடுக்குகள்

இவ்வாவணத்தை ஒலித்தட்டு என்று மட்டும் குறிப்பது போதாது. டேகன் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு பதிவுக்கும் ஆள்விவரப் படிவம் ஒன்று நிரப்பப்பட்டது. பெயர், அகவை, பிறந்த ஊர், தொழில், சமயம், அறிந்த மொழிகள் முதலியன அதில் உண்டு. பேசவேண்டிய பகுதி முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டு, பேசுபவரின் எழுத்திலும் ஒலியன் குறியீட்டிலும் எழுதப்பட்டது. அதனை ஒத்திகை பார்த்த பின்னரே கூம்பின் முன் பேச்சு நிகழ்ந்தது. ஆகவே தட்டில் நாம் கேட்பது அந்நேரத்தில் மனத்தில் எழுந்த பேச்சன்று. எழுதி, இசைவு பெற்று, மீளச் சொல்லப்பட்ட பனுவல்.

சுவடிப் பதிப்பில் பழகிய நமக்கு இந்நிலை புதிதன்று. ஏடு எழுதுவோரின் கை, ஓதுவாரின் நாவு, பதிப்பாசிரியரின் தேர்வு ஆகியவற்றைப் பிரித்தறியாமல் ஒரு பாடத்தை ஆசிரியர் வாக்கு என்று நாம் கொள்வதில்லை. எழுதிய பாடத்திற்கும் தட்டில் ஒலிக்கும் பாடத்திற்கும் இடையே வேறுபாடு தோன்றும் இடங்களே இவ்வகை ஆவணத்தின் உயிர்நிலை. ஒத்திகை பார்த்த ஒருவர் ஒரு சொல்லை மாற்றுகிறார், விடுகிறார், தயங்குகிறார் எனில், அத்தயக்கம் படிவத்தில் இராது, படியெடுப்பிலும் இராது. தட்டைப் பேணாமல் எழுத்துப் படியை மட்டும் பேணினால் அது மறைந்துபோகும். தட்டை மட்டும் பேணிப் படிவத்தை இழந்தால், பேசியவர் பெயரற்றுப் போவார். மூன்றையும் ஒருங்கே பேணுவதே பேணுதலாகும். மெழுகுருளைகளின் கதையோ வேறு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவற்றின் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கிழக்கு பெர்லின் வழியாகச் சுற்றி, ஜெர்மனி ஒன்றிணைந்த பின்னரே பழைய சேகரிப்போடு சேர்ந்தன. கைதிகளின் குரல்களும் ஒருவகையில் போர்க்கைதிகளாயின.

கேட்போரும் முன்னமும்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்பன பனுவலின் பொருளை அது நிகழும் சூழலோடு இணைப்பவை. இவற்றை அகப்பாடல்களுக்கு மட்டும் உரிய கருவிகளாகக் கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. உரையாசிரியர்கள் அவற்றை விளக்கும் முறை, எந்தக் கூற்றையும் அளக்கப் போதுமானது.

மால் சிங்கின் கூற்றில் கேட்போர் யாவர்? அருகில் நிற்கும் ஜெர்மானிய அறிஞர்; முகாம் அலுவலர்; அவர்களுக்கு அப்பால், தட்டை என்றோ கேட்கப்போகும் மாணவர். தன் ஊரார் எவரும் இதைக் கேட்கப்போவதில்லை என்பது பேசியவருக்குத் தெரிந்திருக்கும். கடிதம் எழுதும் கைதிக்குக் கேட்போர் உண்டு. தணிக்கையாளர் இடையில் நின்றாலும் கடிதம் தாய்க்கோ உடன்பிறந்தார்க்கோ செல்லும். ஒலித்தட்டுக்கு அப்படிப்பட்ட முகவரி இல்லை. இத்தகைய நிலையில் 'நான் துன்புறுகிறேன்' என்பது யாரிடம் சொல்லப்படும்? அச்சொல்லுக்குரிய கேட்போர் அக்களனில் இல்லாமையால் பேச்சு 'ஒரு மனிதன்' என்று படர்க்கைக்கு நகர்கிறது. இவ்விடத்தில் இவரிடம் இவ்வாறு சொல்லலே தகும் என்று ஓர்ந்துணர்வது முன்னம் எனின், இப்படர்க்கை முன்னத்தின் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அகத்திணையில் தலைமக்களின் பெயர் சுட்டப்படாமை போன்றதே இது என்று உடனே ஒப்பிடத் தோன்றும். அவ்வொப்பீட்டை நான் ஓரளவிற்கே ஏற்கிறேன். அகமரபில் பெயர் கூறாமை, உணர்வை எல்லார்க்கும் பொதுவாக்கும் கவிதை நெறி. இங்கோ பெயர் பக்கத்து மேசையிலுள்ள படிவத்தில் எழுதப்பட்டே இருக்கிறது. ஊர், மாவட்டம், அகவை எல்லாம் ஜெர்மானிய எழுத்தில் பதிவாகியுள்ளன. அறிவியலுக்குப் பெயர் தேவைப்படுகிறது; பேசுபவரோ தம் பேச்சிலிருந்து அதை விலக்கிக்கொள்கிறார். மரபு வழிப்பட்ட பெயரின்மையையும் காவலின்கீழ் மேற்கொண்ட பெயரின்மையையும் ஒன்றெனக் கொள்வது திறனாய்வாகாது.

எச்சம் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஜெர்மானியரைக் குறைகூறும் ஒரு சொல்லும் இதில் இல்லை. ஆங்கிலேய அரசைப் புகழ்தலும் இல்லை. போரின் காரணம் பேசப்படவில்லை. சொல்லாமல் விடப்பட்ட இவற்றின் நடுவே, சொல்லத்தக்கதாக எஞ்சியது உணவும் ஊரும் சாவும். அச்சாவும் அணியன்று. முகாமுக்கு அண்மையிலுள்ள செரென்ஸ்டோர்ஃப் இந்தியர் கல்லறையில் 206 இந்தியர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். குளிரும் நோயும் தாக்கியதால் 1917இல் கைதிகளுள் பலர் ருமேனியாவுக்கு மாற்றப்பட்டனர். இரண்டாண்டுக் கணக்கை மால் சிங் தம் கண்முன் கண்ட இறப்புகளிலிருந்தே போட்டிருக்க வேண்டும்.

வெண்ணெயும் உவமையும்

பிலிப் ஷெஃப்னர் 2007இல் இயக்கிய பிறைமுகாம் பற்றிய ஆவணப்படத்தின் வழியாக மால் சிங்கின் பேச்சு பலரையும் எட்டியது. பின்னர் ரவி அகுஜா, ஹைக்கே லீபாவ், பிரான்சிஸ்கா ராய் ஆகியோர் 2011இல் பதிப்பித்த நூலும், சாந்தனு தாஸ் 2018இல் வெளியிட்ட நூலும் இத்தட்டுகளுக்கு உரிய ஆய்வு மதிப்பை ஈட்டித் தந்தன. இவற்றுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஆயினும் இப்பேச்சு ஆங்கிலத்தில் சுருக்கி எடுத்தாளப்படும் இடங்களில் வெண்ணெயும் பாலும் விடுபட்டுவிடுவது உண்டு. ஒரு மனிதன் இருந்தான், போருக்கு வந்தான், பிடிபட்டான், திரும்ப விரும்புகிறான் என்று மட்டும் எஞ்சும்போது, அது எந்த நாட்டு எந்தக் கைதிக்கும் பொருந்தும் பொதுப்புலம்பலாகிறது. கேட்பதற்கு உருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் பஞ்சாபின் உழுகுடி இளைஞன் ஒருவனின் நலவாழ்வுக்கான அளவுகோலே வெண்ணெயும் பாலும்தான். அவற்றை நீக்கினால் பேசியவர் நீங்கிவிடுகிறார். குறிஞ்சிப் பாட்டொன்றில் கருப்பொருளை எல்லாம் களைந்துவிட்டு உரிப்பொருளை மட்டும் மேற்கோள் காட்டுவது போன்றது இது.

இவ்வுணவு நம்மை இன்னொரு பனுவலிடம் இட்டுச்செல்கிறது. ஆணையத்தார் மொழிகளை ஒப்பிடுவதற்காக விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையைப் பல மொழிக் கைதிகளையும் சொல்லச்செய்து பதிந்தனர். கிரியர்சனின் இந்திய மொழியளவாய்வும் அதே உவமையைத்தான் மாதிரிப் பனுவலாகக் கொண்டது. சென்னை மாகாணம் அவ்வளவாய்வின் நேரடிக் களத்தில் இடம்பெறவில்லை எனினும், அதன் நான்காம் தொகுதியில் தமிழ் மாதிரிகள் உண்டு என்பதை நாம் அறிவோம். இலக்கண வடிவங்கள் பலவற்றை ஒருசேரத் தருவதால் அவ்வுவமை தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் உள்ளடக்கமோ, தொலைநாட்டில் பட்டினி கிடக்கும் மகன் ஒருவன் தந்தை வீட்டின் உணவை நினைத்து ஊர் திரும்புவது. தொலைநாட்டில் அடைபட்டிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி இக்கதையைச் சொல்லவைத்தபோது, வினைமுற்றுகளைக் குறித்துக்கொண்டிருந்த அறிஞர்களுள் எத்தனை பேருக்கு அதன் பொருள் உறைத்திருக்கும்?

மால் சிங்கின் பேச்சும் ஒரு மனிதனில் தொடங்கி, தொலைநாடு, இழந்த உணவு, திரும்பும் விருப்பம் என்று அதே வழியில் செல்கிறது. அவர் அவ்வுவமையைக் கேட்டிருந்தார் என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. 'ஒரு ஊரில் ஒரு ராசா' என்னும் நம் கதைத் தொடக்கம் போன்ற நாட்டார் கதைமரபே இவ்வடிவத்தை விளக்கப் போதும் என்று ஒருவர் வாதிடலாம், அவ்வாதம் வலுவானதுதான். ஆனால் உவமையில் மகன் வீடு சேர்கிறான், விருந்து நடக்கிறது. இவருடைய கதை இறைவன் அருளினால் என்னும் நிபந்தனையோடு நின்றுவிடுகிறது. கதைக்குள் இருப்பவரே கதை சொல்வதால் முடிவைச் சொல்ல அவரால் இயலவில்லை. உவமையைப் பதிந்த தட்டுகளையும் இதுபோன்ற தற்கூற்றுத் தட்டுகளையும் அருகருகே வைத்துக் கேட்கும் ஆய்வு ஒன்று நிகழ வேண்டும்.

தரவின் பின்விளைவு

கைதிகளைத் தரவாகக் கண்ட பார்வை முகாமோடு முடிந்துவிடவில்லை. எகோன் ஃபொன் ஐக்ஸ்டெட் என்ற இளம் மானிடவியலார் ஜெர்மானிய முகாம்களில் கைதிகளின் உடலளவுகளை எடுத்தார். சீக்கியக் கைதிகளிடமிருந்து திரட்டிய அளவுகளைக் கொண்டு சீக்கியரின் 'இனக்கூறுகள்' குறித்து ஆய்வேடு எழுதினார். அவரே 1926 முதல் 1929 வரை இந்தியாவில் பயணம் செய்து, இந்திய மக்களை இனவகைகளாகப் பிரித்தார். பின்னர் நாசி ஆட்சிக்காலத்தின் முதன்மையான இனக் கோட்பாட்டாளருள் ஒருவரானார். தென்னிந்தியருக்கு அவர் சூட்டிய வகைப்பெயர்கள் இந்திய மானிடவியல் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றன. தமிழரின் தோற்றம் பற்றி எழுதிய நம்மவர் சிலரும் இவ்வகைப்பாட்டைக் கேள்வியின்றி எடுத்தாண்டிருக்கின்றனர். மறுக்கும் உரிமையற்ற மனிதர்களின் தலையை அளந்ததில் உருவான பயிற்சி அதன் பின்னால் இருந்தது. போர்க்கைதி ஆவணங்களை ஆய்வது நமக்கு அயலார் வரலாறன்று என்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொரு வகை வாசிப்பும் உண்டு. கைதிகளை விடுதலை வீரராகவோ, அரசுக்கு இரண்டகம் செய்தவராகவோ முன்முடிவோடு காண்பது அது. இதன் தீங்கைத் தமிழ்ச்சூழல் நன்கு அறியும். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கலன்கள்மீது குண்டு வீசிய எம்டன் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று நம் நூல்கள் பல திரும்பத் திரும்ப எழுதிவருகின்றன. சூரிச்சில் இயங்கிப் பின் பெர்லின் இந்தியக் குழுவில் சேர்ந்த அவரது அரும்பணிக்கு ஆவணச் சான்றுகள் உள்ளன. கப்பலில் அவர் இருந்தார் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று எதுவும் இல்லை. உள்ள ஆவணத்தைத் தேடாமல் இல்லாத நிகழ்ச்சியைப் போற்றினோம். 'எம்டன்' என்பதைத் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டோம். அவர் சார்ந்த குழு பரப்புரை செய்த முகாமிலிருந்து வந்த தட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதோ மிகக் குறைவு.

பெயர்களைச் சேர்த்தல்

1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, போரிடும் ஒவ்வொரு நாடும் கைதிகளைப் பற்றிய தகவல் நிலையம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. அவற்றின் பட்டியல்களைப் பெற்று, 1914 ஆகஸ்டில் ஜெனீவாவில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு நிறுவிய கைதிகள் முகமை, பல இலட்சம் விவர அட்டைகளை எழுதிச் சேர்த்தது. 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற இவ்வட்டைகள் 2014இல் இணையத்தில் வைக்கப்பட்டன. மறுபுறம், லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் மாகாணப் படைவீரர் பதிவேடுகள் ஏறத்தாழ 3,20,000 பேரின் விவரங்களை ஊர்வாரியாகத் தருகின்றன. அவற்றைக் கணினிமயமாக்கும் பணி 2021இல் பொதுவெளிக்கு வந்தது. பெர்லின் படிவம், ஜெனீவா அட்டை, லாகூர் பதிவேடு ஆகிய மூன்றும் ஒரே மனிதரை மூன்று எழுத்துக்கூட்டல்களில் குறித்திருக்கக் கூடும். பஞ்சாபி ஊர்ப்பெயரை ஜெர்மானியச் செவி கேட்டெழுதியதையும் ஆங்கில எழுத்தர் எழுதியதையும் ஒன்றென அடையாளம் காண, ஒலிமாற்றங்களை அறிந்த மொழியியலாளரும் பாடவேறுபாடுகளை எடைபோடத் தெரிந்த பதிப்பாசிரியரும் வேண்டும். வரலாற்றாய்வாளர் தனித்துச் செய்யக்கூடிய வேலையன்று இது.

உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்று அட்டவணை தொடர்பானது. பெர்லின் சேகரிப்பில் பவன் சிங் என்ற கைதி இறந்தவர் பேயாக அலைவதைப் பற்றிப் பேசிய தட்டு உண்டு. 'கதை' என்னும் வகைக்குள் அதனை அடக்கிவிட்டால் நாட்டார் வழக்காற்றியலாருக்கு ஒரு பேய்க்கதை கிடைக்கும். கல்லறைக்கு அருகே வாழ்ந்தவர்கள் எதைப் பேச அனுமதிக்கப்பட்டனர், எதைக் கதையாக்கிச் சொன்னார்கள் என்னும் வினாவுக்கு அட்டவணையில் இடமே இராது. மொழி, வகை, நாள், இடம் ஆகியவற்றோடு, பனுவலைத் தேர்ந்தவர் யார், எழுதியவர் யார், பதிவின்போது உடனிருந்தோர் யாவர், எழுத்துப் படிக்கும் ஒலிக்கும் இடையே வேறுபாடு உண்டா என்னும் நான்கு கட்டங்களையும் சேர்க்க வேண்டும். கிரியர்சன் அளவாய்வின் தொடர்ச்சியாக 1913 முதல் 1929 வரை பதியப்பட்ட இந்திய மொழி ஒலித்தட்டுகளுள் தமிழ்த் தட்டுகளும் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய எண்ணிம நூலகம் வழியே அவற்றைக் கேட்கலாம். அவற்றில் பேசியோர் கைதிகளல்லர். ஆயினும் அரசு அலுவலர் ஏற்பாட்டில் அதே உவமையைச் சொன்னவர்களும் அவர்களுள் உண்டு. இந்நான்கு கட்டங்களை நம் துறை மாணவர்கள் முதலில் அத்தட்டுகளுக்கு நிரப்பிப் பார்க்கலாம். 'கேட்போர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்னும் இடத்தில்தான் அவர்கள் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.